இறுக்கத்திற்கும் ஓர் அளவு உண்டு

 

சுற்றுக் கிராமங்களிலிருந்து எங்கள் மதரஸாவுக்குப் பிள்ளைகளை ஏற்றி வரும் வேன் ஒன்று உண்டு. சென்ற ஆண்டுக் கோடையில் ஒரு நாள், அதன் பின்சக்கரத்தில் முள் குத்திக் காற்று இறங்கிவிட்டது. சாலையின் இரு மருங்கிலும் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கும் எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இது புதிய செய்தியன்று. சாலையோரப் பஞ்சர் கடை ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். கடைப் பையன் ஒட்டுப் போட்டு, சக்கரத்தை மாட்டி, ஐந்து நட்டுகளையும் இறுக்கினான். பக்கத்தில் நின்ற நான் சும்மா இருந்திருக்கலாம். "தம்பி, பிள்ளைகள் ஏறும் வண்டி. இன்னும் நன்றாக இறுக்கு" என்றேன். அவன் ஸ்பானரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, அதன் நுனியில் காலை ஊன்றி மிதித்தான். ஒவ்வொரு நட்டும் 'கிரீச்' என்று முனகியது. அந்த ஓசை என் மனத்திற்கு நிம்மதியளித்தது.

பத்து நாட்கள் கழிந்தன. திருச்சுழிச் சாலையில் பதினான்கு பிள்ளைகளோடு வந்து கொண்டிருந்த வேனின் பின்பக்கத்திலிருந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஓட்டுநர் அனுபவசாலி. உடனே ஓரங்கட்டி நிறுத்தி இறங்கிப் பார்த்தார். ஐந்து போல்ட்டுகளில் இரண்டு தலை முறிந்து போயிருந்தன. மூன்றாவது தளர்ந்து ஆடிக் கொண்டிருந்தது. இன்னும் சில மைல் தூரம் ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எழுத என் கை துணியவில்லை. அல்ஹம்துலில்லாஹ், ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் கூட இல்லை.

"நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறான்" என்று நான் கோபத்தோடு பட்டறைக்குப் போனேன். அங்கே நாற்பது ஆண்டுகளாக டிராக்டரும் லாரியும் பழுது பார்த்து வரும் அண்ணாச்சி, முறிந்த போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அசரத்து, இது தளர்ந்து முறிந்ததில்லை. இறுக்கி முறிந்தது. நடுவில் மெலிந்திருக்கிறது பாருங்கள். இழுத்து நீண்டிருக்கிறது. யாரோ குழாய் போட்டு மிதித்திருக்கிறார்கள்."

மிதித்தது பையன்தான். மிதிக்கச் சொன்னவன் யார்? நான் தலைகுனிந்து நின்றேன். அன்று அந்தப் பட்டறையில் நான் கற்றுக் கொண்டதை நம் இல்லங்களோடு பகிர்ந்து கொள்வதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம். கலைப் பாடம் படித்தவன் இயந்திரத்தைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். தெரியாதவன் வாய் திறந்ததால் வந்த வினையைச் சொல்ல, அந்தத் தெரியாதவனை விடத் தகுதியானவர் யார்?

போல்ட்டு என்பது ஒரு வில்

போல்ட்டையும் நட்டையும் ஆணியைப் போன்றவை என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். அடித்து இறக்கினால் நிற்கும், அதிகமாக அடித்தால் அதிகமாக நிற்கும் என்பது நம் கணக்கு. உண்மை வேறு. நட்டை இறுக்கும்போது போல்ட்டு மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட உருக்கு, வில்லைப் போல் மீண்டும் சுருங்க முயல்கிறது. அந்தச் சுருங்கும் வலிமையே சக்கரத்தை இறுகப் பிடித்துக் கொள்கிறது. குறைவாக இறுக்கினால் பிடிப்பு இல்லை, குலுக்கத்தில் நட்டு கழன்றுவிடும். அளவுக்கு மேல் இறுக்கினால் உருக்கு தன் மீள்தன்மையை இழந்து, நீண்டது நீண்டபடியே நின்றுவிடும். பிறகு அதில் வில்லின் வேகம் இராது. மேடுபள்ளங்களில் குலுங்கிக் குலுங்கி ஒரு நாள் முறியும்.

அருப்புக்கோட்டை நெசவாளர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாவு தளர்ந்தால் துணி சீராக வராது, பாவு விறைத்தால் இழை அறுந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது. நெசவாளர் அதை விரலால் தொட்டு அறிவார். ஆனால் உருக்குப் போல்ட்டின் பதத்தை விரலால் அறிய இயலாது. அதற்குத்தான் 'டார்க் ரெஞ்ச்' என்னும் கருவி ஏற்பட்டது.

'டார்க்' என்றால் முறுக்கு விசை. கதவைக் கீலின் அருகே தள்ளினால் அசைய மறுக்கிறது, ஓரத்தில் தள்ளினால் ஒரு விரலுக்கே திறந்து கொள்கிறது அல்லவா? விசையை மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு தூரத்தில் அது செலுத்தப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது முறுக்கு. அதன் அளவு நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 9.8 நியூட்டன் மீட்டர்.

இப்போது எங்கள் வேனின் கணக்கைப் பாருங்கள். வண்டியோடு வந்த கையேட்டில் சக்கர நட்டுக்கு 110 நியூட்டன் மீட்டர் என்று குறித்திருந்தது. பையனின் குழாய் முக்கால் மீட்டர் இருக்கும். ஒரு காலை ஊன்றி முப்பது கிலோ எடையை அவன் அதன் மேல் வைத்திருந்தாலும் முறுக்கு 220 நியூட்டன் மீட்டராகிவிடும். போல்ட்டுக்குத் தேவையானது ஒரு மடங்கு. என் அக்கறை அதற்குக் கொடுத்தது இரு மடங்கு.

முள் காட்டும் ரெஞ்ச்

அண்ணாச்சி தம் பெட்டியைத் திறந்து ஒரு பழைய கருவியை எடுத்துக் காட்டினார். அரை மீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் ஓர் உருக்குத் தண்டு. அதன் ஒரு முனையில் நட்டின் மேல் பொருந்தும் சாக்கெட்டை மாட்டும் தலை, மறுமுனையில் கைப்பிடி. தலையிலிருந்து புறப்பட்டு, தண்டின் மேலாகவே, ஆனால் அதைத் தொடாமல், ஒரு மெல்லிய கம்பி நீண்டு வருகிறது. கைப்பிடிக்குச் சற்று முன்னால் தண்டில் ஒரு தகடு பொருத்தப்பட்டு, அதில் நடுவில் பூஜ்யமும் இருபுறமும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மெல்லிய கம்பியின் நுனி அந்த எண்களின் மேல் முள்ளாக நிற்கிறது. இதைத்தான் பீம் வகை டார்க் ரெஞ்ச் என்கிறார்கள். எளிமைக்காக நாம் முள் ரெஞ்ச் என்றே அழைப்போம்.

இதன் தத்துவம் வியக்கத்தக்க எளிமையுடையது. கைப்பிடியை இழுக்கும்போது தண்டு சிறிதளவு வளைகிறது. மெல்லிய கம்பியை யாரும் இழுப்பதில்லை. ஆகவே அது நேராகவே நிற்கிறது. வளைந்த தண்டோடு எண் தகடு நகர, நகராத முள் அளவைச் சுட்டிக் காட்டுகிறது. முள் நகர்வதாகவே நம் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் நகர்வது நாம்தாம்!

ஒரு பொருளை எவ்வளவு இழுக்கிறோமோ அந்த அளவுக்கே அது நீளும் அல்லது வளையும் என்ற விதியை ஆங்கிலேய அறிஞர் ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். அந்த விதியை அப்படியே இரும்பில் வடித்த கருவி இது. 1930களில் அமெரிக்காவில் பால் ஸ்டர்ட்டிவன்ட் என்பவர் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் உரிமம் பெற்று இவ்வகை ரெஞ்ச்சைச் செய்து விற்கத் தொடங்கினார். கார் எஞ்சின்கள் பெருகிய காலம் அது. எஞ்சினின் ஹெட்டைச் சீராக இறுக்காவிட்டால் கேஸ்கட் எரிந்து போகும் என்பதைத் தொழிற்சாலைகள் உணர்ந்திருந்தன. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியும் இக்கருவியின் உருவம் பெரிதாக மாறவில்லை.

இரண்டு பேர், இரண்டு கருவிகள்

நாங்கள் பேசிக் கொண்டிருந்தபோது என் அக்காள் மகன் வந்தான். எட்டு ஆண்டுகள் சவூதி அரேபியாவில் தம்மாம் நகரத்துக் காரேஜ் ஒன்றில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவன். இப்போது அண்ணாச்சியோடு சேர்ந்து தொழில் பார்க்கிறான். அவன் கையில் இருந்தது வேறு வகை ரெஞ்ச். கைப்பிடியைத் திருகி வேண்டிய அளவை முன்கூட்டியே அமைத்துக் கொள்ளலாம். இறுக்கிக் கொண்டே வரும்போது அந்த அளவை எட்டியதும் 'டிக்' என்று ஓசை கொடுத்துக் கையை லேசாக உதறும்.

"மாமு, இந்தக் காலத்தில் முள்ளை யார் உற்றுப் பார்த்துக் கொண்டிருப்பார்கள்? அங்கே ஒரு நாளைக்கு முப்பது வண்டிகள் வரும். டிக், டிக் என்று முடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம்" என்றான்.

அண்ணாச்சி சிரித்தார். "தம்பி, உன் ரெஞ்ச் டிக் என்று சொன்னால் நீ நம்புகிறாய். அது பொய் சொன்னால் உனக்கு எப்படித் தெரியும்?"

மருமகன் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியில்தான் இந்த இரண்டு கருவிகளின் நன்மை தீமைகள் அனைத்தும் அடங்கியிருக்கின்றன என்பதைப் பிறகு உணர்ந்தேன். இருவரிடமும் கேட்டுக் கேட்டு அறிந்தவற்றை முறைப்படுத்தித் தருகிறேன்.

நன்மைகள்

முதலாவது, முள் ரெஞ்ச் தன் குறையை மறைப்பதில்லை. கருவியைக் கையில் எடுத்ததும் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். நிற்கவில்லையெனில், எங்கோ விழுந்து அடிபட்டிருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். முள் கம்பி மட்டும் வளைந்திருந்தால் மெதுவாக வளைத்து மீண்டும் பூஜ்யத்திற்குக் கொண்டுவரலாம். டிக் ரெஞ்ச்சின் உள்ளே சுருள்வில் இருக்கிறது. அது தளர்ந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. தவறான அளவில் கூட அதே நம்பிக்கையோடு 'டிக்' என்றுதான் ஒலிக்கும்.

இரண்டாவது, தேய்வதற்கு அதில் அதிகமாக ஒன்றுமில்லை. சுருள்வில் இல்லை, பல்சக்கரம் இல்லை, பேட்டரி இல்லை. டிக் ரெஞ்ச்சை வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும். மறந்தால் வில் நாளடைவில் தளர்ந்துவிடும். முள் ரெஞ்ச்சுக்கு அந்தக் கவலையில்லை. தூசியும் வெயிலும் மிகுந்த எங்கள் வானம் பார்த்த பூமிக்கு இது பொருத்தமான குணம்.

மூன்றாவது, இறுக்கம் ஏறுவதை அது தொடக்கத்திலிருந்து இறுதிவரை காட்டிக் கொண்டேயிருக்கும். இதன் பயன் பெரிது. நட்டு திரும்பிக் கொண்டேயிருக்கிறது, ஆனால் முள் மேலே ஏற மறுத்து நிற்கிறது என்றால், போல்ட்டு நீளத் தொடங்கிவிட்டது அல்லது மரை கழன்று கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கேயே நிறுத்திவிடலாம். டிக் ரெஞ்ச்சோடு வேலை செய்பவர் ஒலி வரும் வரை இழுத்துக் கொண்டேயிருப்பார். மரை கழன்ற நட்டில் அந்த ஒலி வரவே வராது.

நான்காவது, இடப்புறம் வலப்புறம் என்ற பேதமின்றி இரு திசைகளிலும் அது அளக்கும். டிக் ரெஞ்ச்சுகளில் பல ஒரு திசையில் மட்டுமே அளப்பவை. ஒரு சுழல் தண்டு எவ்வளவு முறுக்கில் சுற்றுகிறது என்பதை அளந்து, பேரிங் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் தகுந்த அளவுடைய முள் ரெஞ்ச் உதவும். டிக் ரெஞ்ச்சால் அது ஆகாது.

ஐந்தாவது, விலை குறைவு. புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞருக்கு இது சிறிய செய்தியன்று.

குறைகள்

இத்தனை நன்மைகளையும் சொன்ன அண்ணாச்சியே இதன் குறைகளையும் மறைக்காமல் சொன்னார்.

முள்ளை நேர் எதிரே நின்று பார்க்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முள் வேறொரு கோட்டின் மேல் நிற்பதாகத் தோன்றும். கடிகாரத்தைச் சாய்வாகப் பார்ப்பவர்களுக்கு நேரம் ஓரிரு நிமிடம் மாறித் தெரிவது போன்றதே இது. லாரியின் அடியில் மல்லாந்து படுத்து, இருட்டில், இறுக்குவதற்கே மூச்சு வாங்கும் வேளையில், கண்ணை முள்ளுக்கு நேரே கொண்டுபோவது எளிதன்று. சில இடங்களில் தகடு கண்ணுக்கே தெரியாது. அங்கே இக்கருவி பயனற்றது.

நிறுத்து என்று அது சொல்லாது. அளவைத் தாண்டிப் போனாலும் மௌனமாகவே இருக்கும். கவனம் ஒரு கணம் சிதறினால் 110இல் நிற்க வேண்டிய கை 125இல் போய் நிற்கும். பத்துப் பன்னிரண்டு போல்ட்டுகளை அடுத்தடுத்து இறுக்குவோருக்குக் கண்ணும் கழுத்தும் களைத்துவிடும். களைத்த கண் தவறு செய்யும். நாளொன்றுக்கு முப்பது வண்டிகள் வரும் காரேஜில் டிக் ரெஞ்ச்சை விரும்புவதற்குக் காரணம் சோம்பல் மட்டுமன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தகட்டின் கோடுகள் அகலமானவை. சிறிய அளவுகளை நுட்பமாகப் படிக்க இயலாது. 150 வரை அளக்கும் ரெஞ்ச்சைக் கொண்டு 10 நியூட்டன் மீட்டர் இறுக்க முயல்வது, மூட்டை நிறுக்கும் தராசில் ஏலக்காய் நிறுப்பதற்கு ஒப்பாகும். கைக்கருவிகளுக்கான 'ஐ.எஸ்.ஓ. 6789' என்னும் பன்னாட்டுத் தரம் முள் ரெஞ்ச் வகைக்கு 6 சதவீதம் வரை பிழையை அனுமதிக்கிறது. அளவை முன்கூட்டி அமைத்துக் கொள்ளும் டிக் வகைக்கு, 10 நியூட்டன் மீட்டருக்கு மேல், 4 சதவீதமே அனுமதி. ஆகவே புதிதாக, முறையாகச் சரிபார்க்கப்பட்ட நிலையில், டிக் ரெஞ்ச்சே சற்று நுட்பமானது. இதை மறுப்பது நேர்மையாகாது.

கைப்பிடியைப் பிடிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பல முள் ரெஞ்ச்சுகளின் கைப்பிடி நடுவில் ஓர் ஊசியில் அச்சாக ஆடும்படி அமைந்திருக்கும். அது இருபுறமும் தண்டைத் தொடாமல் மிதந்தபடி இருக்க, சீராக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்த்து அழுத்தினாலோ, குழாய் செருகி நீட்டினாலோ முள் காட்டும் அளவு பிழைபடும். ஏனெனில் இழுவிசை அந்த ஊசியில் விழும் என்று கணக்கிட்டே தகட்டில் எண்களைப் பொறித்திருக்கிறார்கள்.

இன்னொரு தடுமாற்றமும் நேர்வதுண்டு. ஒரே தகட்டில் நியூட்டன் மீட்டர் ஒரு வரியிலும், அடி பவுண்டு இன்னொரு வரியிலும் இருக்கும். ஓர் அடி பவுண்டு 1.36 நியூட்டன் மீட்டருக்குச் சமம். 110 நியூட்டன் மீட்டர் வேண்டிய இடத்தில் 110 அடி பவுண்டு இறுக்கினால் அது ஏறத்தாழ 150 ஆகிவிடும். கருவி சரிதான், படித்தவர் தவறு.

மளிகைக் கடைப் படிக்கல்லால் ஒரு சோதனை

"அது பொய் சொன்னால் உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு மறுநாள் அண்ணாச்சியே விடை காட்டினார். பக்கத்து மளிகைக் கடையிலிருந்து 20 கிலோ படிக்கல் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அரசு முத்திரை பதித்த கல். எடைக்கற்களையும் தராசுகளையும் சரிபார்த்து முத்திரையிடும் பொறுப்பு நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையினருடையது. நாம் அரிசி வாங்கும்போது நம்பிப் பழகிய அந்த முத்திரைதான் அன்று பட்டறையிலும் நீதிபதியாக வந்தது.

முள் ரெஞ்ச்சின் தலையைப் பட்டறை இடுக்கியில் பூட்டி, தண்டு தரைக்குக் கிடைமட்டமாக நிற்கும்படி அமைத்தார். தன் எடையாலேயே முள் சிறிது நகர்ந்திருந்தது. அதைக் குறித்துக் கொண்டார். தலையின் நடுவிலிருந்து சரியாக 50 சென்டி மீட்டரில் இருந்த கைப்பிடி ஊசிக்கு நேரே படிக்கல்லைத் தொங்கவிட்டார். 20 கிலோவை அரை மீட்டரால் பெருக்கினால் 10 கிலோ மீட்டர், அதாவது 98 நியூட்டன் மீட்டர். முன்பு குறித்த அளவைக் கழித்துப் பார்த்தபோது முள் 95க்கும் 100க்கும் நடுவில் நின்றது. பழைய கருவி பொய் சொல்லவில்லை.

பிறகு மருமகனின் டிக் ரெஞ்ச்சை அதே முறையில் 98இல் அமைத்து, கைப்பிடியின் குறியில் கல்லைத் தொங்கவிட்டார்கள். ஓசை வரவில்லை. அளவைக் குறைத்துக் கொண்டே வந்தபோது 85இல்தான் 'டிக்' என்றது. அதாவது, 85 என்று அவன் அமைத்து இறுக்கிய போல்ட்டுகள் எல்லாம் உண்மையில் 98ஐத் தாங்கிக் கொண்டிருந்தன. இரண்டு ஆண்டுகளாக அந்தக் கருவி எவரிடமும் சொல்லாமல் கூடுதலாக இறுக்கி வந்திருக்கிறது. மருமகனின் முகம் வாடிவிட்டது. "இவ்வளவு நாள் எத்தனை வண்டிகள் மாமு!" என்றான். அந்தக் கவலை அவனுக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. தன் வேலையைப் பற்றி அப்படிக் கவலைப்படுபவனிடம் நம்பிக்கையோடு வண்டியை விடலாம்.

வேறு ஏற்பாடு இல்லாத இடங்களில் 12 மாதங்களுக்கு ஒரு முறை அல்லது 5,000 முறை பயன்படுத்திய பிறகு, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது, இத்தகைய கருவிகளை மறு சரிபார்ப்புச் செய்ய வேண்டும் என்று மேற்சொன்ன தரம் வலியுறுத்துகிறது. பெருநகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதே முறை. மருமகன் மறு வாரமே அனுப்பி வைத்தான். ஆயினும் அனுப்ப வேண்டிய தேவை இருக்கிறதா என்பதைப் படிக்கல்லும் பொறுமையும் இருந்தால் சிற்றூரிலேயே அறிந்து கொள்ளலாம்.

எந்தக் கருவிக்கும் தெரியாத ஒன்று

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. முள் ரெஞ்ச்சாயினும் டிக் ரெஞ்ச்சாயினும் அளப்பது முறுக்கையே அன்றி, போல்ட்டின் பிடிப்பை அன்று. நாம் செலுத்தும் முறுக்கில் ஏறத்தாழ பாதி நட்டின் அடிப்பக்கம் உரசுவதில் செலவாகிறது. இன்னொரு பெரும் பங்கை மரைகளின் உராய்வு தின்றுவிடுகிறது. போல்ட்டை இழுத்துப் பிடிக்கப் பயன்படுவது சுமார் பத்து சதவீதமே.

எங்கள் கரிசல் மண்ணின் புழுதி மரைகளுக்குள் புகுந்து, மேலே துருவும் ஏறிவிட்டால் உராய்வு கூடும். முள் 110 என்று காட்டும், உள்ளே பிடிப்போ பாதி கூட இராது. மாறாக, மரையில் எண்ணெய் தடவினால் உராய்வு குறைந்து அதே 110இல் போல்ட்டு அளவுக்கு மேல் நீண்டுவிடும். ஆகவே மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து உலர்ந்த நிலையில் இறுக்க வேண்டும். எண்ணெய் இடச் சொல்லிக் கையேடு கூறினால் மட்டுமே இட வேண்டும். அழுக்கு மரையில் நல்ல ரெஞ்ச்சும் பொய்ச் சாட்சியாகிவிடும்.

இன்றைய புதிய எஞ்சின்கள் பலவற்றில் குறிப்பிட்ட அளவு இறுக்கியபின், இன்னும் இத்தனை பாகை திருப்ப வேண்டும் என்ற முறை வந்திருக்கிறது. அத்தகைய போல்ட்டுகளில் பல ஒரு முறை மட்டுமே பயன்படுத்தத்தக்கவை. அங்கே கையேடு சொல்வதே சட்டம். முள் ரெஞ்ச் மட்டும் போதாது.

எதை வாங்குவது?

வீட்டில் ஒரு காரோ டிராக்டரோ வைத்திருந்து, ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டுமே நட்டுகளைத் தொடுபவருக்கு முள் ரெஞ்ச் போதும். பெட்டியில் பல மாதங்கள் கிடந்தாலும், எடுத்த நாளில் அது தன் நிலையைத் தானே சொல்லும். தொழிலாகச் செய்வோருக்கு டிக் ரெஞ்ச் வேகம் தரும். ஆனால் அதன் அருகிலேயே ஒரு முள் ரெஞ்ச்சும் இருக்கட்டும். விரைந்து பேசுபவனுக்குப் பக்கத்தில் நிதானமாகப் பேசும் பெரியவர் ஒருவர் இருப்பது போல! இன்று அண்ணாச்சியின் பட்டறையில் இரண்டும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. மாதத்தின் முதல் வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் மருமகன் படிக்கல் சோதனை செய்து விடுகிறான்.

நம் இல்லங்களுக்குச் சில வேண்டுகோள்கள். வண்டியின் சக்கர நட்டுக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்து, ஒரு தாளில் எழுதி வண்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் நட்டுகளை வரிசையாக அன்றி எதிர் எதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் படிப்படியாக இறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோ மீட்டர் ஓடிய பிறகு மீண்டும் ஒரு முறை அளந்து பாருங்கள். டார்க் ரெஞ்ச்சைக் கொண்டு துருப்பிடித்த நட்டைக் கழற்ற ஒருபோதும் முயலாதீர்கள், அதற்கு வேறு ஸ்பானர் இருக்கிறது. குழாய் போட்டு மிதிப்பவரைக் கண்டால், தயங்காமல் போதும் என்று சொல்லுங்கள்.

தாய்மார்களுக்கும் இதில் பங்குண்டு. குழாயில் நீர் சொட்டினால் இன்னும் இறுக்குகிறோம், மறுநாள் வாஷர் நசுங்கி மேலும் சொட்டுகிறது. ஊறுகாய்ச் சீசா மூடியை இறுக்கி இறுக்கி மரையையே கெடுத்துவிடுகிறோம். பிள்ளை வழுவிவிடுவானோ என்று அஞ்சிப் பிடியை இறுக்கிக் கொண்டே போகும் தந்தையரை என் பணியில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களும் நல்ல எண்ணத்தில்தான் இறுக்குகிறார்கள். அன்று சாலையோரத்தில் நானும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

முறிந்த அந்தப் போல்ட்டுகளில் ஒன்று இன்று என் மேசையின் மேல் இருக்கிறது. வேனில் புதிய போல்ட்டுகள் ஐந்தும் மாற்றியாகிவிட்டது. நான் கடனாக வாங்கிய முள் ரெஞ்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மதரஸாவுக்கென்றே ஒன்று வாங்கினோம். ஒவ்வொரு மாதமும் ஓட்டுநர் இழுக்க, நான் குனிந்து முள்ளுக்கு நேரே கண்ணை வைத்து அளவைப் படிக்கிறேன். 110 வந்ததும் "போதும்" என்கிறேன். அன்று சொல்லத் தவறிய சொல் அதுதான்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.